மெகாவாட்டா, யூனிட்டா: உலகின் மிகப் பெரிய மின் நிலையம் எது என்ற கேள்விக்கு ஒரு பதில்

ராஜஸ்தானின் பத்லா சூரிய மின் பூங்கா 2,245 மெகாவாட், கூடங்குளத்தில் இப்போது ஓடும் இரண்டு அணு உலைகள் சேர்ந்து 2,000 மெகாவாட், அப்படியென்றால் பத்லா கூடங்குளத்தைவிடப் பெரிய மின் நிலையமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, உலகின் மிகப் பெரிய புதுப்பிக்கத்தக்க மின் நிலையம் என்று ஒவ்வொரு பட்டியலிலும் ஒவ்வொரு பெயர் வருகிறதே, எதை நம்புவது, நம் ஆரல்வாய்மொழிப் பக்கத்து முப்பந்தல் காற்றாலைத் தொகுப்பு அதில் எத்தனையாவது என்றும் கேட்டிருக்கிறீர்கள். மூன்று கேள்விகளாகத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான்: ஒரு மின் நிலையத்தின் அளவை மெகாவாட் என்ற ஒற்றை எண்ணைக் கொண்டு சொல்லிவிட முடியுமா? முடியாது என்பது என் பதில். ஏன் முடியாது என்பதைச் சொல்ல இடம் கொஞ்சம் அதிகம் தேவைப்படுகிறது.

முதலில் என்னைப் பற்றி ஒரு வரி. ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாலைப் பராமரிப்பிலும் அதைச் சார்ந்த துணை மின் நிலையங்களிலும் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவன். காற்றையும் கம்பியையும் பற்றி நான் சொல்வது கையால் தொட்டு அறிந்தது. அணைகள், உப்பு உருக்கும் கோபுரங்கள், கடல் அலை இவற்றைப் பற்றிச் சொல்வது தொழில் ஆர்வத்தில் படித்துத் தெரிந்துகொண்டது. இரண்டுக்கும் ஒரே எடை கொடுக்க வேண்டாம்.

கிணற்றில் ஐந்து எச்.பி. மோட்டார் வைத்திருக்கும் ஒருவரிடம் 'உங்கள் மோட்டார் எத்தனை ஏக்கர் பாய்ச்சும்' என்று கேட்டால், அவர் உடனே எண்ணைச் சொல்ல மாட்டார். மும்முனை மின்சாரம் எத்தனை மணி நேரம் வருகிறது, கிணற்றில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று அவர் திருப்பிக் கேட்பார். மெகாவாட் என்பது அந்த ஐந்து எச்.பி. போன்றது, பலகையில் எழுதியிருக்கும் திறன். தொட்டியில் விழுந்த தண்ணீர்தான் யூனிட். ஒரு மெகாவாட் நிலையம் ஒரு மணி நேரம் முழுத் திறனில் ஓடினால் ஆயிரம் யூனிட். ஆண்டு முழுவதும் ஒரு நொடி விடாமல் ஓடினால் கிடைத்திருக்கக்கூடிய யூனிட்டுகளில் உண்மையில் எத்தனை சதவீதம் கிடைத்தது என்பதை எங்கள் தொழிலில் பி.எல்.எஃப். என்போம். கூடங்குளத்தின் 2,000 மெகாவாட் ஆண்டு முழுவதும் ஓடினால் 1,752 கோடி யூனிட். எரிபொருள் மாற்றவும் பழுது பார்க்கவும் நிறுத்துவதைக் கழித்து 75 சதவீதம் என்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொண்டால் 1,314 கோடி. பத்லாவுக்கு இரவு இல்லை, காலையும் மாலையும் அரைகுறை, நடுப்பகல் மட்டுமே முழுமை. பாலைவனச் சூரிய நிலையத்துக்கு 25 சதவீதம் என்பது நியாயமான மதிப்பீடு, அந்தக் கணக்கில் சுமார் 490 கோடி. சதவீதங்கள் நான் எடுத்துக்கொண்டவை, ஆண்டுக்கு ஆண்டு கூடும் குறையும். ஆனால் எந்தப் பக்கம் தராசு சாயும் என்பதில் ஐயமில்லை: மெகாவாட்டில் பத்லா பெரியது, யூனிட்டில் கூடங்குளம் இரண்டரை மடங்குக்கும் மேல்.

இந்த வேறுபாடு சூரியனுக்கும் அணுவுக்கும் இடையில் மட்டும் இருப்பதில்லை. ஆற்று நீர் என்ற ஒரே மூலத்தை வைத்து ஓடும் இரண்டு அணைகளுக்கு இடையிலும் உண்டு, எனக்குப் பிடித்த எடுத்துக்காட்டும் அதுதான். சீனாவில் யாங்சி ஆற்றின் குறுக்கே நிற்கும் திரீ கார்ஜஸ் அணையில் 700 மெகாவாட் டர்பைன்கள் 32, அணையின் சொந்தத் தேவைக்கு 50 மெகாவாட்டில் இரண்டு, ஆக 22,500 மெகாவாட். பிரேசிலுக்கும் பராகுவேக்கும் இடையில் பரானா ஆற்றில் இருக்கும் இதைப்பூ அணையில் அதே 700 மெகாவாட் டர்பைன்கள் 20, ஆக 14,000 மெகாவாட். பலகையைப் பார்த்தால் போட்டியே இல்லை. ஆனால் 2016-இல் இதைப்பூ 10,310 கோடி யூனிட் உற்பத்தி செய்து, அதுவரை எந்த மின் நிலையமும் ஓர் ஆண்டில் தொடாத அளவைத் தொட்டது. 2020-இல் யாங்சியில் பெருவெள்ளம் வந்த ஆண்டில் திரீ கார்ஜஸ் 11,180 கோடி யூனிட்டுடன் அதைத் தாண்டியது. பி.எல்.எஃப். கணக்கில் இதைப்பூவின் அந்த ஆண்டு சுமார் 84 சதவீதம், திரீ கார்ஜஸின் அந்த ஆண்டு சுமார் 57 சதவீதம்.

ஏன் இப்படி? பரானாவில் தண்ணீர் ஆண்டு முழுவதும் ஓரளவு சீராக வருகிறது, மேலே உள்ள பல அணைகள் அதை மேலும் சீராக்கிக் கொடுக்கின்றன. யாங்சியோ பருவமழை ஆறு. அதோடு திரீ கார்ஜஸ் மின்சாரத்துக்காக மட்டும் கட்டப்பட்டதன்று, வெள்ளத்தைப் பிடிக்கவும் கட்டப்பட்டது. எனவே மழைக்காலம் தொடங்குமுன் நீர்மட்டத்தை 175 மீட்டரிலிருந்து 145 மீட்டருக்கு இறக்கி வைக்கிறார்கள். வரப்போகும் வெள்ளத்துக்கு இடம் ஒதுக்குவதற்காக முப்பது மீட்டர் உயரத்தை, அதாவது நேரடியாக மின்சாரத்தை, விட்டுக்கொடுக்கிறார்கள். அணையின் மெகாவாட் எண் இந்தச் சமரசத்தைச் சொல்லாது. இதைப்பூவில் இன்னொரு வேடிக்கை உண்டு. பராகுவேயில் மின்சாரத்தின் அலைவெண் 50 ஹெர்ட்ஸ், பிரேசிலில் 60 ஹெர்ட்ஸ். ஆகவே இருபது டர்பைன்களில் பத்து 50-க்கும் பத்து 60-க்கும் சுற்றுகின்றன. பராகுவேயின் தேவை சிறியது என்பதால் அதன் பங்கில் ஒரு பகுதி மிஞ்சுகிறது. அதை நேர்மின்னோட்டமாக (டி.சி.) மாற்றி, சாவோ பாவ்லோ அருகே கொண்டுபோய், அங்கே மீண்டும் 60 ஹெர்ட்ஸாக மாற்றுகிறார்கள். ஒரே கட்டடத்துக்குள் பேசிக்கொள்ள முடியாத இரண்டு மின்சாரங்கள்.

இனி காற்று. இங்கேதான் எண்கள் மிக அதிகமாக ஏமாற்றும், ஏனென்றால் காற்றின் வேகம் இரு மடங்கானால் அதில் இருக்கும் ஆற்றல் எட்டு மடங்காகும். வினாடிக்கு ஆறு மீட்டர் வீசும் இடத்துக்கும் எட்டு மீட்டர் வீசும் இடத்துக்கும் காது வித்தியாசம் கண்டுபிடிக்காது, மின் மீட்டர் கண்டுபிடிக்கும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று நம்மவர்கள் சொல்வது ஆரல்வாய்மொழியில் பழமொழியாக இல்லாமல் கணக்கேடாகவே இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் முட்டி, கணவாய் கிடைத்த இடத்தில் நெருக்கிக்கொண்டு கிழக்கே பாய்கிறது. ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, கம்பம், பாலக்காடு என்று தமிழ்நாட்டுக் காற்றாலைகளெல்லாம் இந்த வாசல்களுக்கு எதிரே நிற்பதற்குக் காரணம் அதுதான். மே மாதம் தொடங்கிச் செப்டம்பர் வரை சீசன், அதற்குப் பிறகு மாதக்கணக்கில் இறகுகள் சோம்பல் முறிக்கும்.

சீசனில் ஒரு நாள் எப்படி இருக்கும் என்பதைச் சொன்னால் மெகாவாட் எண்ணின் குறை விளங்கும். ஓர் ஆடி மாத நடுஇரவு, நான் துணை மின் நிலையத்தில் இருக்கிறேன். வெளியே கதவைத் திறந்தால் மூட முடியாத காற்று. காற்றாலைகளிலிருந்து மின்சாரம் வரும் கம்பிவழிகளை பீடர் என்போம்; பீடர் மீட்டர்கள் எல்லாம் மேலே போய் நிற்கின்றன. ஊர் உறங்குகிறது, தேவை இறங்கிவிட்டது, தொலைபேசி மணி அடிக்கிறது: 'இரண்டு பீடரை இறக்குங்கள்.' உற்பத்தி தேவையை மிஞ்சியதால் அலைவெண் ஏறுகிறது, வேறு வழியில்லை. இறக்கினேன். சற்று நேரத்தில் பக்கத்துப் பழைய 250 கிலோவாட் இயந்திரங்கள் ஒவ்வொன்றாக நிற்கும் ஓசை காற்றோடு கலந்து வந்தது. அந்த வகையில் இறகு முழுவதும் திரும்பாது, நுனி மட்டும் குறுக்கே திரும்பிப் பிரேக் பிடிக்கும், அப்போது ஒரு கனத்த 'தட்' கேட்கும். ஆண்டிலேயே மிக நல்ல காற்று வீசிய இரவில், முழுத் திறனில் ஓடக்கூடிய இயந்திரங்கள் பூஜ்யம் யூனிட் எழுதின. அந்த மாத அறிக்கையிலும் அவற்றின் நிறுவுதிறன் அதே 250 கிலோவாட்தான். எங்கள் பகுதியில் சிறிய பழைய இயந்திரம் ஒன்று ஆண்டில் இருபது சதவீதத்தைத் தாண்டிவிட்டால் உரிமையாளர் இனிப்புப் பெட்டியோடு வருவார்.

இப்போது முப்பந்தலுக்கு வரலாம். பட்டியல்களில் 1,500 மெகாவாட் என்ற எண்ணோடு, உலகின் மிகப் பெரிய நிலக் காற்றாலைத் தொகுப்புகளில் ஒன்றாக அது வருகிறது. அந்த எண்ணை நான் பொய் என்று சொல்லவில்லை. ஆனால் முப்பந்தல் ஒரு மின் நிலையம் அல்ல. நூற்பாலைகள், சிமென்ட் ஆலைகள், தனியார் முதலீட்டாளர்கள் எனப் பலரும் வெவ்வேறு பத்தாண்டுகளில் நிறுத்திய, வெவ்வேறு உயரமும் தயாரிப்பும் கொண்ட இயந்திரங்களின் காடு. எங்கே முப்பந்தல் முடிந்து அடுத்த ஊர் தொடங்குகிறது என்று கோடு போட்டுச் சொல்ல அங்கே வேலை செய்தவர்களாலும் முடியாது. பழைய இயந்திரங்களைக் கழற்றிப் புதியவை வைப்பதும் நடந்துகொண்டே இருக்கிறது. ஆகவே அது உலகில் எத்தனையாவது என்ற கேள்விக்கு எண்ணைச் சொல்கிறவர் யாராக இருந்தாலும், எதை ஒன்றாக எண்ணினார் என்று முதலில் கேளுங்கள்.

ஒப்பிட ஓர் எதிர்முனையைச் சொல்கிறேன். 1991-இல் டென்மார்க்கின் விண்டபி என்ற இடத்தில் கடலுக்குள் 11 காற்றாலைகளை நட்டார்கள். ஒவ்வொன்றும் 450 கிலோவாட், மொத்தம் ஐந்து மெகாவாட்டுக்குச் சற்றுக் குறைவு. உலகின் முதல் கடல் காற்றாலைத் தொகுப்பு அதுதான். 2017-இல் கழற்றும்போது அதன் ஆயுள் முழுவதுமான உற்பத்தி 24.3 கோடி யூனிட். இங்கிலாந்தின் கிழக்கே வட கடலில் 2022-இல் முழுமையடைந்த ஹார்ன்சி 2 தொகுப்பில் 165 காற்றாலைகள், 1,300 மெகாவாட்டுக்கும் மேல். காற்று இடைவிடாமல் இருந்தால், விண்டபி கால் நூற்றாண்டில் தந்ததை அது எட்டு நாளுக்குள் தந்துவிடும். கடலில் காற்று மலை, மரம், கட்டடம் எதிலும் உரசாமல் வருவதால் பி.எல்.எஃப். நிலத்தைவிட நன்றாக உயரும். ஸ்காட்லாந்துக் கரைக்கு அப்பால் மிதக்கும் அடித்தளத்தில் நிற்கும் ஹைவிண்ட் தொகுப்பு மொத்தமே 30 மெகாவாட், ஐந்தே இயந்திரங்கள். ஆனால் முதல் ஐந்தாண்டுச் சராசரி 54 சதவீதம் என்கிறார்கள். எங்கள் இனிப்புப் பெட்டியை நினைத்துப் பார்த்துக்கொண்டேன்.

காற்றும் இயந்திரமும் இருந்தாலும் கம்பி இல்லையென்றால் ஒன்றுமில்லை. கென்யாவின் வடக்கே துர்கானா ஏரிக்கரையில், மலைகளுக்கு நடுவே ஆண்டு முழுவதும் சீராகக் காற்று வீசும் ஓர் இடுக்கில், 850 கிலோவாட்டில் 365 காற்றாலைகளை நிறுத்தினார்கள், 310 மெகாவாட். பெரிய இறகுகளை அந்தப் பாதையில் ஏற்றிக்கொண்டு போக முடியாது என்பதால் சிறிய இயந்திரங்களைத் தேர்ந்தது கெட்டிக்காரத்தனம். 2017-இல் எல்லாம் தயார். ஆனால் மின்சாரத்தைத் தலைநகர் பக்கம் கொண்டுபோக வேண்டிய சுமார் 430 கிலோமீட்டர் உயரழுத்தக் கம்பி முடியவில்லை. 2018 செப்டம்பரில் கம்பி உயிர்பெறும்வரை நல்ல காற்றில் இயந்திரங்கள் சும்மா நின்றன. ஒப்பந்தப்படி, எடுக்காத மின்சாரத்துக்குக் கென்ய அரசு அபராதப் பணமும் கட்ட வேண்டியிருந்தது. கம்பி வந்தபின் அதே காற்றாலைகள் நாட்டின் மின்சாரத்தில் கணிசமான பங்கைத் தருகின்றன.

சீனாவின் கான்சு மாகாணத்தில் இதே கதை பெரிய அளவில் நடந்தது. ஜியூசுவான் பகுதியில் 2009-இல் தொடங்கிய காற்றாலைத் தொகுப்புக்கு இலக்கு 20,000 மெகாவாட். உலகின் மிகப் பெரிய காற்றாலை என்று நீங்கள் பார்த்த பட்டியல்களில் முதலில் நிற்பது இதுதான். கோபி பாலைவன ஓரத்தில் காற்றுக்குக் குறைவில்லை. வாங்குவதற்கு ஆளில்லை, ஆள் இருக்கும் கிழக்கு நகரங்களுக்குப் போதிய கம்பி இல்லை. 2016-இல் கான்சுவில் காற்றாலைகள் தரக்கூடிய மின்சாரத்தில் சுமார் 43 சதவீதம் எடுக்கப்படாமல் வீணானது. என் ஆடி மாத இரவை ஒரு மாகாணம் முழுவதற்கும், ஆண்டு முழுவதற்கும் நீட்டிப் பாருங்கள். 2017-இல் ஜியூசுவானிலிருந்து ஹூனான் வரை 2,300 கிலோமீட்டருக்கும் மேலான 800 கிலோவோல்ட் நேர்மின்னோட்டப் பாதை வந்தபின் வீணாவது படிப்படியாகக் குறைந்தது. பெரிய எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் அதற்குப் பக்கத்தில் கம்பியின் எண்ணைத் தேடுவது என் பழக்கம்.

சூரிய மின்சாரத்தில் ஒரு பொதுவான தவறான எண்ணத்தை மட்டும் தொட்டுச் செல்கிறேன். வெயில் கொளுத்தும் இடம்தான் சிறந்தது என்று நினைக்கிறோம். சூரியத் தகட்டுக்கு வேண்டியது ஒளி, வெப்பம் அல்ல. சிலிக்கான் தகடு 25 டிகிரிக்கு மேல் சூடாகும் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.4 சதவீதம் திறனை இழக்கும். பத்லாவின் கோடையில் தகட்டின் மேற்பரப்பு 65 டிகிரியைத் தொடுவது இயல்பு, கூடவே மணல்தூசி. கடல் மட்டத்திலிருந்து 2,500 மீட்டருக்கும் மேல், குளிரும் தெளிந்த வானமும் கொண்ட திபெத்தியப் பீடபூமியின் விளிம்பில் சீனர்கள் லாங்யாங்ஷியாவில் 850 மெகாவாட் சூரிய நிலையம் கட்டியது இதனாலும்தான். அங்கே இன்னொரு நுட்பமும் உண்டு. பக்கத்திலேயே மஞ்சள் ஆற்றில் 320 மெகாவாட்டில் நான்கு டர்பைன்கள் கொண்ட அணை இருக்கிறது. சூரிய நிலையத்தின் கம்பியை நேராக அந்த அணையின் மின்முற்றத்தில் கொண்டு இணைத்துவிட்டார்கள். மேகம் மறைத்தால் சில நிமிடங்களில் மதகு திறக்கும், வெயில் வந்தால் தண்ணீர் அணையிலேயே சேமிப்பாக நிற்கும். வெளியே போகும் மின்சாரத்தில் மேகம் தெரியாது. கமுதியின் 648 மெகாவாட் நிலையம் 2016-இல் திறக்கப்பட்டபோது ஒரே இடத்தில் உலகிலேயே பெரியது என்று பேசப்பட்டது நினைவிருக்கலாம். அப்போதே லாங்யாங்ஷியாவின் 850 ஓடிக்கொண்டிருந்தது. பட்டியல்கள் இப்படித்தான்.

தகடு இல்லாமல் கண்ணாடிகளைக் கொண்டு ஒளியைக் கோபுரத்தின் உச்சியில் குவித்து, அங்கே உப்பை உருக்கிச் சேமிக்கும் வழியும் இருக்கிறது. சோடியம் நைட்ரேட்டும், நம் பட்டாசுக்காரர்களுக்குப் பழக்கமான வெடியுப்பும் ஆறுக்கு நான்கு கலந்த அந்தத் திரவம் 565 டிகிரி வரை சூடேறும். ஸ்பெயினின் ஹெமசோலார் நிலையம் 20 மெகாவாட்டுக்குக் குறைவு, எந்தப் பெரிய பட்டியலிலும் வராது. ஆனால் சேமித்த உப்பின் சூட்டில் 15 மணி நேரம் ஓடக்கூடியது, 2013-இல் இரவு பகலாக 36 நாட்கள் தொடர்ந்து மின்சாரம் தந்தது. மொராக்கோவின் வர்ஸசாத்தில் 150 மெகாவாட் கோபுரம் இதே முறைதான். நம்பகத்தன்மை பற்றி என் கருத்து இன்னும் உறுதிப்படவில்லை. உப்புத் தொட்டிகள் கசிந்து நிலையங்கள் மாதக்கணக்கில் நின்ற நிகழ்வுகள் ஒன்றுக்கு மேல் உண்டு. தகட்டின் விலை சரிந்த வேகத்தில் இந்தத் தொழில்நுட்பம் பின்தங்கிவிட்டது என்பது மட்டும் தெளிவு.

பூமிச்சூடும் கடல் ஏற்றவற்றமும் சிறிய உறவினர்கள். கலிபோர்னியாவின் கெய்சர்ஸ் 1960-இலிருந்து நிலத்தடி நீராவியில் ஓடுகிறது. அளவுக்கு மீறி உறிஞ்சியதால் 1980-களின் இறுதியில் நீராவி அழுத்தம் சரிந்து, இப்போது பக்கத்து ஊர்களின் சுத்திகரித்த கழிவுநீரைக் குழாயில் கொண்டுபோய் உள்ளே இறக்கி நிலத்தைத் தேற்றுகிறார்கள். புதுப்பிக்கத்தக்கது என்ற சொல்லுக்கே அங்கே ஒரு நிபந்தனை சேர்ந்துகொண்டது. பிரான்சின் ரான்ஸ் கழிமுகத்தில் 1966-இலிருந்து ஓடும் 240 மெகாவாட் நிலையம் ஆண்டுக்குச் சுமார் 50 கோடி யூனிட், பி.எல்.எஃப். 24 சதவீதம்தான், ஆனால் அடுத்த ஆண்டு எந்த நாளில் எந்த நேரத்தில் மின்சாரம் வரும் என்பதைப் பஞ்சாங்கம் போல எழுதி வைக்கலாம். காற்றாலைக்காரனுக்குப் பொறாமை வரும்.

கடைசியாக, எண்களில் எது உறுதி, எது ஐயம் என்பது. அணைகளின் மெகாவாட்டும் ஆண்டு யூனிட்டும் உறுதியானவை; டர்பைன்களை எண்ணிவிடலாம், மீட்டர் ஓரிடத்தில் இருக்கிறது. சூரிய நிலையங்களில் தகடுகளின் மொத்தத் திறனைச் சொல்கிறார்களா, இன்வெர்ட்டர் தாண்டி வெளியே வரும் திறனைச் சொல்கிறார்களா என்பதைப் பொறுத்து ஒரே நிலையத்துக்கு இரண்டு எண்கள் உலவும். முதலாவது பொதுவாகப் பெரியது, விளம்பரத்தில் வருவதும் பெரும்பாலும் அதுதான். குஜராத்தின் காவ்டா போன்ற இடங்களுக்குச் சொல்லப்படும் 30,000 மெகாவாட் திட்ட இலக்கு. இன்று கம்பியில் ஏறுவது அதில் ஒரு பகுதி, அந்தப் பகுதியும் மாதத்துக்கு மாதம் மாறுகிறது. ஆகவே உங்கள் கேள்விகளுக்கு நேரடியாக: யூனிட் கணக்கில் பத்லா கூடங்குளத்தைவிடப் பெரியதன்று. நிறுவுதிறனிலும் ஓர் ஆண்டின் அதிகபட்ச உற்பத்தியிலும் உலகில் முதலிடம் திரீ கார்ஜஸ். தொடங்கிய நாளிலிருந்து தந்த மொத்தத்தில் முதலிடம் இதைப்பூ; 1984-இலிருந்து 2024-க்குள் அது 3 லட்சம் கோடி யூனிட்டைக் கடந்துவிட்டது. முப்பந்தலை இந்த வரிசையில் வைக்க வேண்டாம். உங்களுக்கு உண்மையில் அதை அளக்க வேண்டுமென்றால் ஆடியில் ஒரு முறையும் தை மாதத்தில் ஒரு முறையும் நாகர்கோவில் நெடுஞ்சாலையில் போய், சுற்றுகிற இறகுகளை எண்ணிப் பாருங்கள்.